மண் படாத ஷூ

செல்லப்பாண்டி யாரென்று கேட்டால் பாளையம்பட்டியில் ஒருவருக்கும் தெரியாது. திருச்சுழிக்குத் தெற்கே அவன் சொந்த ஊரிலேயே 'கரிமூட்டக்காரர் மகன்' என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். பேப்பரில் பெயர் வந்த ஆள் கிடையாது. வார்டு மெம்பருக்குக்கூட நின்றதில்லை. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் நானும் எழுத்தாளன் இல்லை. பாளையம்பட்டியில் முப்பது வருஷமாகச் செருப்புக் கடை வைத்திருப்பவன், பெயர் நவநீதகிருஷ்ணன். ஆள் படியேறி வரும்போதே கால் அளவு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற ரகம். அந்தப் பீற்றல் ஒரு மனுஷன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவன் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. செல்லப்பாண்டிக்கு அகலப் பாதம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். குதிகாலில் வெடிப்பு. உள்ளங்காலில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் இருக்கும். எல்லாம் எடுக்க வராமல் உள்ளேயே முறிந்துபோன முள். அவன் அப்பா சீமைக்கருவேலத்தை வெட்டி, குவியலாக அடுக்கி, மேலே மண் பூசித் தீ வைத்துக் கரியாக்குகிறவர். அதைத்தான் எங்கள் பக்கம் கரிமூட்டம் என்போம். மழை பொய்த்தாலும் பொய்க்காமல் விளைகிற ஒரே வெள்ளாமை எங்களுக்கு அந்தக் கருவேலம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவுக்குக் கட்டை சுமப்பது செல்லப்பாண்டியின் வேலை. அரைஞாண் கயிற்றில் ஓர் ஊக்கு எப்போதும் தொங்கும். முள் ஏறினால் அங்கேயே உட்கார்ந்து ஊக்கால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டையைத் தூக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு பாஸாகி, அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் திருப்பூருக்குப் போனான். திரும்பி வந்து அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் லோடு ஏற்றினான். அந்த மில்லில் வேலை பார்த்த பாண்டீஸ்வரியைக் கட்டினான். அந்தச் சமயத்தில்தான் என் கடைக்கு வந்து போக ஆரம்பித்தான். வருஷத்துக்கு ஒரு செருப்பு, அதுவும் அடி கெட்டியாக இருப்பதாகப் பார்த்துத் தட்டித் தட்டி எடுப்பான். ஒருநாள் கையில் ஒரு வினாத்தாள் புத்தகம் வைத்திருந்தான். என்னப்பா இது என்றேன்.

"பாரஸ்டு வேலைக்கு எழுதுறேன் அண்ணாச்சி. கால்ல முள்ளு ஏறுற இந்தப் பொழப்ப விட்டுப் போயிரணும். அது ஒண்ணுதான் எனக்கு ஆச."

"ஏப்பா, பாரஸ்டுன்னா அங்க முள்ளு இருக்காதா?" என்று கேலி செய்தேன்.

"அது சம்பளத்தோட ஏறுற முள்ளு அண்ணாச்சி" என்றான்.

இந்தப் பதிலுக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வாய் இருக்கிற பயல் என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆறு வருஷம் படித்தான். லோடு ஏற்றுகிற இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தான். இரண்டு தடவை எழுத்துத் தேர்வில் தேறவில்லை. ஒவ்வொரு தடவையும் வயது ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை எழுதும்போது, இதில் விட்டால் அடுத்த தடவைக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்கிற நிலை. அந்தத் தடவை தேறினான். நல்ல மதிப்பெண். பாக்கி இருந்தது நடை மட்டும்தான். இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும்.

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏனென்றால் செல்லப்பாண்டி ஏழு வருஷமாகத் தைப்பூசத்துக்கு மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, வெறுங்காலோடு திருச்செந்தூருக்கு நடந்து போகிறவன். நான்கு நாள் நடை. முழுக்கத் தார் ரோடு. கூட நடப்பவர்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டும்போது இவன் அவர்கள் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போவானாம். மீனுக்கு நீச்சல் பரீட்சை வைத்ததுபோல்தான் அந்த நடை என்று நினைத்தோம்.

இனி என் பவிஷைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் மதுரையிலிருந்து பத்துப் பேர் இரண்டு காரில் வந்தார்கள். காடு மேடென்று ஓடுவதற்கென்றே அவர்கள் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். கண்மாய்க் கரை, ஓடை, புஞ்சை என்று திருச்சுழி வரை ஓடுவதாகத் திட்டம். எல்லோர் காலிலும் ஆழமான பல் வைத்த ஷூ. அடியில் கட்டை கட்டையாக நிற்குமே, அதைத்தான் பல் என்கிறேன். சேற்றுக்குப் பல் ஆழமாக வேண்டும் என்று அவர்கள் படித்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் கரிசல் அதைப் படிக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒவ்வொரு காலிலும் அம்மிக்கல் கனத்துக்கு மண்ணை அப்பிக்கொண்டு, ஷூவைக் கையில் தூக்கியபடி என் கடை வாசலுக்கு வந்து நின்றார்கள். நனைந்த கரிசலில் எங்கள் ஊர்ப் பச்சைக் குழந்தைகூடச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளும். நான் ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி கொடுத்துச் சுரண்டச் சொன்னேன். சுரண்டிக்கொண்டே அவர்கள் ஷூவைப் பற்றிப் பேசினார்கள். நான் வாயைப் பிளந்து கேட்டேன்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். நாலைந்து ஜோடி வரவழைத்து முன்வரிசையில் அடுக்கினேன். சரளைத் தரைக்குப் பல் சின்னதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். ஓடை மணலில் பல் இருந்தும் பயனில்லை. அங்கே மேல்துணி இழை நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் உள்ளே புகுந்து பாதத்தை அரம் போல ராவிவிடும். கண்மாய்க் கரைக்கு அடி அகலமாக இருந்தால் கணுக்கால் பிசகாது. மலைக்கும் கல்லுக்கும் போவதென்றால் அடியில் ஒரு தகடு வைத்தது வேண்டும், கல்லும் குத்தாது, முள்ளும் ஏறாது. காய்ந்த கரிசல் வெடிப்பில் கால் மாட்டினால் நகம் போகும், அதற்கு முன்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். நனைந்த கரிசலுக்கு எவனும் ஷூ செய்யவில்லை. இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பேன். மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஷூ கேட்டு வருகிறவர்கள் நான் ஒப்பிப்பதைக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, நாள்பட உழைக்குமா என்பார்கள். வித்தை கற்றவனுக்குக் காட்ட ஓர் இடம் வேண்டுமே. செல்லப்பாண்டி வந்து மாட்டினான்.

திருச்செந்தூர் போய்விட்டு வந்த கையோடு, பாண்டீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு, இலை விபூதியோடு கடைக்கு வந்தான். நடைத் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. மூன்று வாரம் இருந்தது.

"எனக்கு வெறுங்காலே போதும் அண்ணாச்சி. இவதான் வேண்டாங்கிறா" என்றான்.

பாண்டீஸ்வரி விடவில்லை. "ஆபீசருக முன்னாடி வெறுங்காலோட போயி நிப்பாகளா? மில்லுல எல்லாரும் கேக்காக. பாரஸ்டுகாரரு என்ன போட்டுக்கிட்டு நடக்கப் போறாருன்னு. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

வேலை கைக்கு வருமுன்பே மில்லில் அவள் பாரஸ்டுகாரர் பெண்டாட்டி ஆகிவிட்டிருந்தாள். யார் ஆகமாட்டார்கள்? ஆறு வருஷம் அவன் படிக்க அவள்தான் அடுப்பையும் பார்த்து மில்லையும் பார்த்தாள்.

நான் மூன்று ஷூவை வரிசையாக எடுத்து வைத்தேன். ஒன்று ரோட்டில் ஓடுகிற ஷூ. அடி தட்டையாக, பஞ்சு போல, மடக்கினால் மடங்கும். இரண்டாவது சின்னப் பல். மூன்றாவது மலை ஷூ, ஆழமான பல், அடியில் தகடு. செல்லப்பாண்டி கை முதலாவதற்குத்தான் போனது. நான் தட்டிவிட்டேன்.

"ஏப்பா, நீ எந்த வேலைக்குப் போற? பாரஸ்டு. பாரஸ்டுக்காரன் எங்க நடக்க விடுவான்? காட்டுக்குள்ளதான் விடுவான். கல்லும் வேரும் சறுக்குமா கெடக்கும். இதப் போட்டுட்டுப் போனா காலு பிசகி உக்காந்துருவ."

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் கிடையாது. அவனுக்கு வந்த கடிதத்தில் எங்கே வந்து சேர வேண்டும் என்று இருந்தது. எந்தத் தரையில் நடக்க வேண்டும் என்று இல்லை. ஏற்கனவே நடந்தவன் ஒருவனுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். எல்லாம் தெரிந்தவன் யாரையாவது கேட்பானா?

மலை ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தான்.

"கொஞ்சம் கெட்டியா இருக்கே அண்ணாச்சி. மடங்க மாட்டேங்குது."

"தகடு இருக்குல்ல. முள்ளு ஏறக்கூடாதுன்னுதான ஒனக்கு ஆச? இது ஏறவே ஏறாது."

"அப்ப ஒரு தடவ போட்டுட்டு கண்மாய்க் கரையில நடந்து பாத்துக்கிறவா?"

இதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன். "அளவு சரியில்லேன்னா கொண்டா, மாத்தித் தாரேன். ஆனா அடியில மண்ணு பட்டிருந்தா எடுக்க மாட்டேன். வீட்டுக்குள்ள போட்டுப் பாத்துக்க."

என் கல்லாவுக்குப் பின்னாலும் அதுதான் எழுதித் தொங்குகிறது.

எங்கள் பக்கம் புதுசு என்றால் அதற்கென்று ஒரு நாள் வேண்டும். தீபாவளிச் சட்டையை ஒரு மாதம் முன்பே எடுத்து வைத்துவிட்டு, கிழிந்ததையே போட்டுத் திரிகிற ஜனங்கள் நாங்கள். அதோடு என் கட்டளையும் சேர்ந்தது. பாண்டீஸ்வரி அட்டைப் பெட்டியை ஒரு துணிப்பைக்குள் போட்டு பீரோ மேல் வைத்தவள் பிறகு தொடவிடவில்லை. மூன்று வாரமும் அவன் வெறுங்காலில்தான் பழகினான். தன் ஊரிலிருந்து திருச்சுழி ரோட்டைப் பிடித்து, கண்மாய்க் கரை ஏறி இறங்கி, இருபத்தைந்து கிலோமீட்டர். மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போன் போட்டான்.

"சூ போட்டுப் பாரு, இன்னும் அரை மணி கொறையும்" என்றேன். ஒரு செருப்புக்கடைக்காரன் பேச்சுக்கு இவ்வளவு திமிர் ஆகாது.

தேர்வு மாசி மாதக் கடைசியில், பக்கத்து மாவட்டத்தில். கடையைப் பூட்டிவிட்டு என் ஆம்னி வண்டியில் நானே கூட்டிப்போனேன். பாண்டீஸ்வரியின் தம்பி மாரிச்செல்வமும் வந்தான். என் மனைவி, உங்களுக்கு என்ன அங்கே வேலை என்று கேட்டாள். நம்ம கடை ஷூ போட்டு ஒருவன் சர்க்கார் வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டாமா என்றேன். உள்ளே இருந்த ஆசை அதுதான். திரும்பி வந்ததும் அவனைக் கடை வாசலில் நிறுத்தி, அந்த ஷூவோடு ஒரு போட்டோ எடுத்து மாட்ட வேண்டும் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். ரோட்டைப் பார்த்தேன். பைபாஸ். நான்கு வழிச் சாலைக்குப் பக்கத்திலேயே போகும் சர்வீஸ் ரோடு, புதிதாகப் போட்ட தார், மேசை போலத் தட்டை. ஒரு கல் கிடையாது, ஒரு வேர் கிடையாது. இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அப்படி ஐந்து சுற்று. மலையும் காடும் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அங்கிருந்து தெரியவில்லை. வந்திருந்த பையன்கள் முக்கால்வாசிப் பேர் காலில் லேசான ரோட்டு ஷூ. நாலைந்து பேர் வெறுங்காலோடு நின்றார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி ஒவ்வொருவர் நெஞ்சிலும் குத்திய நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டே போனார், காலைப் பார்க்கவில்லை.

செல்லப்பாண்டி வண்டிப் படியில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தான். ஷூவுக்குள் திணித்திருந்த காகிதம்கூட அப்படியே இருந்தது. உருவி எடுத்துவிட்டு மாட்டிக் கயிற்றைக் கட்டினான். எழுந்து தார் ரோட்டில் நாலு எட்டு வைத்தான். டக் டக்கென்று குதிரை லாடம் மாதிரிச் சத்தம். திரும்பி என்னிடம் வந்தான். மாரிச்செல்வம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான்.

"அண்ணாச்சி, இது தார் ரோடா இருக்கே. கழட்டிட்டு வெறுங்காலோட நடந்துறவா? திருச்செந்தூரு மாதிரிதான இருக்கு."

இந்தக் கேள்வியைத்தான் ஒன்றரை வருஷமாக நான் தூக்கிச் சுமக்கிறேன். அவன் சரியாகவே கேட்டான். பதில் எனக்குத் தெரியும். கழற்றுடா, கழற்றிப் போட்டுவிட்டு நட என்று ஒரு வார்த்தை. சொல்ல அரை நொடி போதும். அந்த அரை நொடியில் என் புத்தி எங்கெங்கே போனது என்பதையும் சொல்கிறேன். பக்கத்தில் நின்ற நாலு பேரிடம் அப்போதுதான், இது மலை ஷூ, என் கடையில் எடுத்தது என்று பெருமை பேசியிருந்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றினால் நான் சொன்னது தப்பென்று ஆகும். அது மட்டுமா? கழற்றிவிட்டால் அடியில் மண் படாத ஷூ. என் வாயாலேயே சொன்ன வார்த்தைக்கு நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிவரும். இந்தக் கேவலமான நினைப்பும் அந்த நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது. எந்தச் சாமி மேலும் சத்தியம் செய்கிறேன், வந்தது.

"ஒண்ணும் செய்யாது. ரோட்டுக்கும் நல்லாத்தான் இருக்கும். போட்டுட்டே போ" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்று போய் வரிசையில் நின்றான்.

சான்றிதழ் எல்லாம் பார்த்து முடித்து ஏழரைக்கு விசில் அடித்தார்கள். முதல் சுற்றை நாற்பத்து நாலு நிமிஷத்தில் முடித்தான். முன்வரிசையில் வந்தான். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். சரிதான், நான்தான் வீணாகப் பயந்தேன் என்று ஒரு வாழைப்பழம் தின்றேன். இரண்டாவது சுற்று நாற்பத்தைந்து. அதில் கை ஆட்டவில்லை. வலது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தான். காலைப் பார்த்து முப்பது வருஷம் பிழைத்தவனுக்கு அது போதும். குதிகாலில் கொப்புளம் கண்டுவிட்டது. மடங்காத அடி, பழகாத தோல், அதன்மேல் சூடேறுகிற தார். ஒவ்வொரு எட்டுக்கும் ஷூவின் பின்பக்கம் குதிகாலைச் சீவுகிறது. ஆழமான பல் தட்டைத் தரையில் முட்டுக்கொடுத்து நிற்கும், பாதம் முழுக்க ஊன்றாது. இதெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். கடையில் வாய் கிழியப் பேசியபோது இதை மட்டும் நான் பேசவில்லை.

மூன்றாவது சுற்று நாற்பத்தொன்பது நிமிஷம். அவன் என்னைத் தாண்டும்போது, "கழட்டிரு செல்லப்பாண்டி!" என்று கத்தினேன். காதில் விழவில்லையோ, நின்றால் நேரம் போகும் என்று நினைத்தானோ, போய்விட்டான். நாலாவது சுற்றுக்கு ஐம்பத்து மூன்று நிமிஷம் ஆனது. வந்தவன் என் முன்னால் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். வலது ஷூவை உருவியபோது காலுறையோடு குதிகால் தோலும் வந்தது. கீழே ரத்தம் சொட்டியது. மாரிச்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பிடிங்க அண்ணாச்சி" என்று இரண்டு ஷூவையும் என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தான். பாக்கி ஐந்து கிலோமீட்டர். பாக்கி நேரம் நாற்பத்தொன்பது நிமிஷம். தோல் இருந்த காலென்றால் நாற்பத்து மூன்றில் முடித்திருப்பான்.

நான் அந்த ஷூவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். உள்ளே கையை விட்டால் ஈரம். திருப்பிப் பார்த்தேன். இருபது கிலோமீட்டர் நடந்தும் பல் தேயவே இல்லை. நல்ல சரக்குதான்.

ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடித்தான். மொத்தம் நான்கு மணி ஆறு நிமிஷம். அதற்குள் நேரம் முடிந்ததென்று ரோட்டின் குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள். வெறுங்காலோடு நின்றவர்களில் இரண்டு பேர் முடித்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லப்பாண்டி அவர்களைப் பார்த்தான். பிறகு தார் ரோட்டைப் பார்த்தான். அங்கே அவன் கால் பட்ட இடமெல்லாம் தெரிந்தது.

"நாலு நாளு நடந்தேன் அண்ணாச்சி, திருச்செந்தூருக்கு. ஆறு நிமிசம்" என்றான். அழவில்லை. நான்தான் அழுதேன். என் அழுகை யாருக்கு வேண்டும்?

பாளையம்பட்டிக்கு வந்ததும் ஷூவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினான். விட்டுவிட்டுப் போப்பா, வேறு தாரேன் என்றேன். "மண்ணு பட்டுருச்சே அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே போனான். குத்திக்காட்டிச் சொன்னானா என்று ராத்திரி பகலாக யோசித்தேன். அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. கடை விதி என்று நான் சொன்னதை விதி என்றே எடுத்துக்கொண்டவன்.

அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது தாண்டிவிட்டது. மில்லில் பாண்டீஸ்வரியை என்னம்மா பாரஸ்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அந்த மில்லை விட்டுவிட்டுக் காரியாபட்டிப் பக்கம் வேறொரு மில்லுக்கு மாறினாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பார்க்காததுபோல் நழுவத்தான் நினைத்தேன். அவளே கூப்பிட்டுப் பேசினாள்.

"சூ நல்ல சூதானாம் அண்ணாச்சி. அவுகளுக்குத்தான் போட்டு நடக்கத் தெரியலையாம். அவுகளே சொன்னாக. வெறுங்காலோட வளந்த ஆளு, என்ன செய்யிறது."

அப்படியென்றால் அந்தக் கேள்வியை அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. கழற்றிவிடவா என்று என்னிடம் கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. பழியை எடுத்துத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். எனக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அது வரும்போது வரட்டும் என்று செல்லப்பாண்டி அப்பாவின் அரிவாளை எடுத்துக்கொண்டான். மில்லில் லோடு ஏற்றக் கால் ஒத்துழைக்கவில்லை. குதிகால் ஆறவே மூன்று மாதம் ஆனது. லோடு வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான்.

போன மாதம் திருச்சுழி தாண்டி ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் கருவேலங்காட்டுக்குள் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. நாலைந்து ஆட்கள் மரம் வெட்டினார்கள். அதில் ஒருவன் காலை ஊன்றி நின்ற தோரணை தெரிந்ததாக இருந்தது. சொன்னேனே, எனக்குக் கால் மறக்காது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அன்றைக்கு எனக்குத் தெரியும்டா, தெரிந்தேதான் போடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு, அவன் காறித் துப்பினால் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

"வாங்க அண்ணாச்சி!" என்று அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். உடம்பெல்லாம் கரி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காலில் அந்த ஷூ.

நான் அதையே பார்ப்பதை அவன் பார்த்தான். ஒரு காலைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க, இன்னும் தேயல. நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. முள்ளு ஏறவே மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற ஆட்கள் தங்கள் பிய்ந்த செருப்பையும் அவன் ஷூவையும் பார்த்தார்கள்.

"எம் மச்சினன் மாரிச்செல்வம் பாரஸ்டுக்கு எழுதிப் பாஸாயிட்டான்" என்று தொடர்ந்தான். "அவனுக்கும் நடை வரப்போகுது. வேற எங்கயும் வாங்காத, அண்ணாச்சி கடைக்குப் போ, அவுக தரையப் பாத்துச் சொல்லுவாகன்னு சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் வாரான்."

"அவனை வெறுங்காலோட நடக்கச் சொல்லு செல்லப்பாண்டி" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் பக்கம் திரும்பினான்.

"கேட்டியளா? செருப்புக்கடை அண்ணாச்சி, வெறுங்காலோட போகச் சொல்றாக. எப்பவும் இவுகளுக்குக் கேலிதான்."

அவர்களும் சிரித்தார்கள். மூட்டத்துப் புகை முகத்தில் அடித்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.